வெற்றிடத்துக்குள் வாழை

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் தில்லைநாதன் விடுமுறையில் அக்கராயனுக்கு வந்தார். இங்கிலாந்தில் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். எதோடு இத்தனை வருடமாக மாரடிக்கிறார் என்று தாய்க்குக் காட்ட, கண்ணாடிக் குழாயொன்றில் ஊதா நிறத் துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். லாந்தனம் போரைட்டு. தாய் பார்ப்பதற்கு முன் கிராமச் சங்கத் தலைவர் யோகலிங்கம் பார்த்துவிட்டார்.

"இது என்ன செய்யும் தம்பி?"

"நல்லாச் சூடாக்கினா இதிலையிருந்து இலத்திரன் பாயும். உலோகங்களைவிட லேசாப் பாயும், கனக்கவும் பாயும்."

"இலத்திரன் எண்டா கரண்ட்தானே?"

"ஒருவிதத்திலை ஓம். ஆனா..."

'ஆனா'வுக்குப் பிறகு வந்ததைக் கேட்க யோகலிங்கம் அங்கே இல்லை. படலையைத் தாண்டிவிட்டார்.

அக்கராயனில் அப்போது மின்சாரம் கிடையாது. அந்தக் கிழமையே வாசிகசாலையில் கூட்டம் போட்டார்கள். முதல் விளக்கு கோயிலடியிலா, தலைவர் வீட்டு வாசலிலா என்று சண்டை முற்றியபோது தில்லைநாதன் எழுந்தார்.

"தயவுசெய்து கேளுங்கோ. இது மின்சாரம் உண்டாக்கிற சாமான் இல்லை. இதைச் சூடாக்கிறதுக்கே மின்சாரம் வேணும். அதோடை வெற்றிடமும் வேணும். காத்துப் பட்டா பழுதாப் போம்."

"படிச்ச பிள்ளை, தன்னடக்கமாக் கதைக்குது" என்றார் யோகலிங்கம். சனம் கைதட்டியது. "வெற்றிடத்துக்கு எங்களிட்டை என்ன குறை? குளக்கட்டுக்குக் கீழை அரசாங்கக் காணி வெறுமையாத்தானே கிடக்கு!"

"நான் சொன்னது காத்தில்லாத கண்ணாடிக் குமிழ்..."

மறுபடியும் கைதட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காணியைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. 'விஞ்ஞான வெற்றிடம். உட்பிரவேசம் தடை' என்று பலகை வந்தது. பின்னர், நிலம் குளிர்ச்சியாக இருக்கவேண்டுமென்று சொல்லி யோகலிங்கம் உள்ளே தன்னுடைய வாழைக்குட்டிகளை நட்டார்.

ஒருநாள் காலை அன்னபாக்கியம் தில்லைநாதனைத் தேடி வந்தார். அவர் விதவை. மாடு வளர்த்துத் தேத்தண்ணிக் கடைக்குப் பால் கொடுத்துச் சீவிப்பவர்.

"தம்பி, அந்தக் காணிக்குள்ளைதான் என்ரை மாடுகள் மேயுறது. இப்ப பட்டியிலை நிண்டு கத்துதுகள். பாலும் வத்திப் போச்சு. உந்த லைட் எரியுமோ?"

"எரியாது அக்கா."

"பேந்து ஏன் அடைச்சவை?"

அன்று பின்னேரம் தில்லைநாதன் குளக்கட்டில் ஏறி நின்று, கம்பிக்குள் நின்ற வாழைகளை வெட்கத்தோடு பார்த்தார்.

வெற்றிடத்தைத் திறந்துவைக்க, அந்தப் பகுதிக்கு அரசாங்க அதிகாரியான காரியாதிகாரி ஜீப்பில் வந்தார். மாலை, நாதஸ்வரம், யோகலிங்கத்தின் நீண்ட வரவேற்புரை. பிறகு தில்லைநாதனைப் பேச அழைத்தார்கள். அவர் இந்தமுறை எதையும் மறுக்கவில்லை.

"வெற்றிடம் எண்டா உள்ளுக்கை ஒண்டுமே இருக்கக்கூடாது. இஞ்சை வாழை நிக்குது, முள்ளுக்கம்பி நிக்குது. இதுகள் நிக்குமட்டும் ஒரு இலத்திரனும் பாயாது."

விஞ்ஞானம் தெரியாதவர் என்று எவரும் நினைத்துவிடக்கூடாதென்று காரியாதிகாரி தொடக்கத்திலிருந்தே தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்போது இன்னும் பலமாக ஆட்டினார்.

"அதுதானே! தலைவர், உதுகளை உடனை எடுப்பியுங்கோ."

"வாழை இப்பதான் வேர் பிடிச்சது ஐயா..." என்று யோகலிங்கம் இழுத்தார்.

"வேரும் இருக்கக்கூடாது" என்றார் தில்லைநாதன்.

அங்கேயே கம்பியை அறுத்து வாழையைப் பிடுங்கினார்கள். நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மங்களம் வாசித்தார். தூரத்தில் காத்திருந்த அன்னபாக்கியத்தின் மாடுகள் நேரே உள்ளே நுழைந்தன.

"மாடு நிண்டா பரவாயில்லையோ?" என்று காரியாதிகாரி மெதுவாகக் கேட்டார்.

தொழிலில் தில்லைநாதன் அதுவரை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"மாடு நிக்கத்தான் வேணும். அதுகள் உள்ளை இருக்கிற காத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சு முடிக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சனான்" என்றார் காரியாதிகாரி. மாடுகளை எவரும் தடுக்கக்கூடாதென்று அங்கேயே உத்தரவும் போட்டார்.

விடுமுறை முடிந்து தில்லைநாதன் கிளிநொச்சி ஸ்ரேசனில் நின்றபோது, அன்னபாக்கியம் ஒரு முட்டி தயிரோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. உண்மை தெரிந்த ஒரு சீவனாவது ஊரில் இருக்கிறதே என்று தில்லைநாதனுக்கு ஆறுதலாக இருந்தது.

றெயில் அசையும்போது அன்னபாக்கியம் யன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மாடுகள் காத்தைக் குடிச்சு முடிக்க எவ்வளவு காலம் செல்லும்?"