டிராக் அக்கா பாடிய பாட்டு

கடைசி வரியின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தீ எச்சரிக்கை மணி அலறியது. டிராக் அக்கா ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஒலிப்பதிவு அறையிலிருந்து மாடிப்படிக்கு ஓடினாள்.

தீயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சவுண்டு இன்ஜினியர் பதிவை ஓடவிட்டுவிட்டு, சாமான் அறையில் ஒளிந்துகொண்டு சிகரெட் பிடித்திருக்கிறார்.

"வீட்டுல பொண்டாட்டிக்குப் பயம், இங்க மணிக்குப் பயம். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பிடிக்கணுமா அத?" என்றாள் அக்கா. அவர் அசடு வழியத் தலையைச் சொறிந்தார்.

பெரிய பாடகர்கள் வருவதற்கு முன், மெட்டைக் காட்ட ஒருவர் மாதிரிக்குப் பாடி வைப்பார். அதுதான் டிராக். பெரியவர்கள் பாடி முடித்ததும் அது அழிக்கப்படும். பத்தொன்பது வருடமாக அழிவதற்கென்றே பாடியவள் அவள். அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கும் உண்டு: மெட்டைச் சுத்தமாகச் சொல்லலாம், சங்கதி போடக் கூடாது. அலங்காரமெல்லாம் பின்னால் வருகிறவர்களுக்கு.

"சமையல் முழுக்க நீ, உப்பு மட்டும் அவங்களா?" என்று புருஷன் கிண்டல் செய்வான்.

இப்போது அந்தப் பிழைப்பிலும் மண். வாரம் மூன்று டிராக் பாடியவளுக்கு மாதம் ஒன்று கிடைப்பதே அபூர்வம். பலரும் கம்ப்யூட்டரையே பாடவைத்துக்கொள்கிறார்கள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. பாட்டுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

படிக்கட்டில் இசையமைப்பாளன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு காலத்தில் கீபோர்டைச் சுமந்துகொண்டு வாய்ப்புக்கு அலைந்தவனை இந்த வாசலுக்குக் கூட்டி வந்ததே அவள்தான்.

"அக்கா, இந்தப் பாட்டுக்கு வேற யாரும் வரப்போறதில்ல. நீங்க பாடுறதுதான் பாட்டு. முழுசாப் பாடுங்க."

"விளையாடாத தம்பி. எனக்கு நெஞ்சு தாங்காது."

"சத்தியமாக்கா. சங்கதி, மூச்சு, அழுகை எல்லாம் உங்க இஷ்டம்."

கரும்பு தின்னக் கூலியா? மறுபடி மைக் முன்னால் நின்றவள், அத்தனை வருடமும் தொண்டைக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டாள். மூன்றாவது வரியில் ஒரு சொல்லைப் பாதியில் விட்டு, அழுகையை விழுங்கினாற்போல் மூச்சிழுத்து, மீதிச் சொல்லை முடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் பாட்டு முடிந்தும் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்துப் போட எப்போதும் ஒப்பந்தத்தாள் ஒரு பக்கம்தான் தருவார்கள். அன்று இரண்டு. பெரிய பாடகர்களுக்குத்தான் பக்கம் கூடும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். பூரித்துப்போய், படிக்காமலே இரண்டிலும் போட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வேலை வேண்டாம் என்றாள்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாட்டு வெளிவந்தது. புருஷன் எங்கிருந்தோ பெரிய ஸ்பீக்கர் இரவல் வாங்கி வந்திருந்தான். எதிர் வீட்டுக்காரர்கள் சோபாவை நிறைத்திருந்தார்கள். மகள் செல்போனில் பாட்டைத் தட்டிவிட்டாள்.

வயலின்கள் எழுந்து அடங்கின. குரல் வந்தது. சின்னக் குழந்தையும் அடையாளம் சொல்லிவிடும், அப்படிப்பட்ட பிரபல பாடகியின் குரல்.

"இவங்க பாட்டா? அப்ப உங்களோடது அடுத்ததா?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

புருஷன் ஸ்பீக்கரின் ஒயரைத் தேவையில்லாமல் சரிசெய்துகொண்டிருந்தான். மூன்றாவது வரி வந்தது. சொல் பாதியில் நின்றது, ஒரு மூச்சு, பிறகு மீதி.

மகள் மெல்லத் திரும்பினாள். "அம்மா, இது நீ விடுற மூச்சு."

அக்கா எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு இசையமைப்பாளனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் பாடினது எங்கப்பா?"

"அதேதான்க்கா வந்திருக்கு. கேக்கலயா?"

"கேட்டேன். அது என் குரல் இல்லையே."

"ரெண்டாவது பக்கத்துல எழுதியிருந்துச்சேக்கா. அவங்க குரல வாடகைக்கு வாங்கி, கம்ப்யூட்டர்ல உங்க பாட்டு மேல ஏத்திட்டோம்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் உண்மையான பெருமையோடு சொன்னான்:

"ஆனா ஒண்ணு, நான் கொடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன்க்கா. உங்க சங்கதி ஒண்ணக்கூட மாத்தல, குரல மட்டும்தான் மாத்தினேன்."