இடது கட்டை விரல்

எங்கள் வீட்டுக்காரர் மாசானம் ஒன்பது வருடமாகச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் செய்கிறார். வள்ளியூரில் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் கார்க் கதவின் விளிம்பில் பசை வைக்கிறார், மழைத் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க. அதையும் காண்ட்ராக்டில்தான் வைக்கிறார். இந்த விவரத்தை ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன சித்திரையில் போன் செய்தார். "காந்தி, என் கையக் கேமரா வச்சிப் படம் எடுக்காவ. எஞ்சினியருமாரு ரெண்டு பேரு பக்கத்துலயே நிக்காவ."

"மூஞ்சிய எடுக்கலியா?" என்று கேட்டேன்.

"மூஞ்சி எதுக்கு? கைதான் முக்கியமாம்."

இத்தனை ஆயிரம் பேர் இருக்கிற கம்பெனியில் இவர் கையை மட்டும் எதற்காகப் படம் எடுப்பார்கள்? வேலையை நிரந்தரமாக்கத்தான் என்று நானே முடிவு செய்தேன். தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நாலாம் வகுப்புப் படிக்கிற கவியாவுக்கு டி.சி.யும் வாங்கினேன். கம்பெனிக்குப் பக்கத்தில் படப்பையில் ஒரு வீடு பேசியாயிற்று. விஜயதசமி அன்று அவளையும், ஐந்து வயது மகாராஜாவையும் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. ஒன்பது வருடமாகப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் விருந்தாளி மாதிரி வந்துபோன மனுஷனோடு இனி ஒரே வீட்டில் இருக்கப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. வருடத்தில் அன்று ஒருநாள்தான் கம்பெனி கேட் குடும்பத்துக்குத் திறக்கும். எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். இவர் விடவில்லை. "எங்க கம்பெனிலயே புதுசா மியூசியம் தொறந்திருக்காவ. ஏசி உண்டு. பொரியும் ஸ்வீட் பாக்ஸும் குடுப்பாவ. எழும்பூர்ல குடுப்பானா?" என்றார். எழும்பூரில் பொரி கொடுப்பதாக நானும் கேள்விப்பட்டதில்லை.

பதினொரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்போடு நானும் பிள்ளைகளும் இவரோடு கேட்டில் நின்றோம். செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னான். இவர் "சரி சார்" என்றார். மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்கச் சொன்னான். "சரி சார்." பெயர் கேட்டதற்குக்கூட முதலில் "சரி சார்" என்றுவிட்டுத்தான் பெயரைச் சொன்னார். இங்கே வந்து இவர் கற்றுக்கொண்ட பாஷை அவ்வளவுதான்.

மியூசியத்தைச் சுற்றிக்காட்ட ஷெர்லின் என்றொரு பெண் வந்தாள். முதல் கண்ணாடிப் பெட்டியில் முதலாளியின் தாத்தா போட்ட மூக்குக் கண்ணாடி. அடுத்ததில் அவருடைய பேனா. அதற்கடுத்து, கம்பெனியில் முதன்முதலாக முடுக்கிய திருகாணி, பட்டு மெத்தையில் படுத்திருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் படுப்பது கோரைப்பாயில்.

"டைனோசர் எங்க?" என்றான் மகாராஜா. மியூசியம் என்றால் டைனோசர் இருக்கும் என்று பால்வாடி டீச்சர் சொல்லியிருக்கிறாளாம்.

"இங்க அதெல்லாம் இல்ல தம்பி. இது கார் மியூசியம்" என்றாள் ஷெர்லின்.

"அப்போ இங்க செத்துப்போனது எதுவும் கிடையாதா?"

அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனேன்.

கடைசி அறையில் பெரிய டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கைகள் மட்டும். வலது கை துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் கதவின் விளிம்பில் பசையை இழுத்துக்கொண்டு போனது. மணிக்கட்டில் எங்கள் சுடலை கோயில் கறுப்புக் கயிறு.

"அப்பா கை" என்றாள் கவியா.

இவருக்கு முகமெல்லாம் பல். மகாராஜாவைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். "பசைய யாரு வேணாலும் இழுத்திரலாம். மூலையில திரும்புத எடந்தான் சூட்சுமம். இடது கட்டை விரலால இப்படி ஒரு தேய்ப்பு. அது இல்லன்னா ஒரு மழைக்கே உள்ள ஒழுகிரும்." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது கண்கூடக் கலங்கியது, பொய் சொல்வானேன்.

கவியா எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்கிறவள். டிவிக்குக் கீழே இருந்த போர்டை வாசித்தாள். "மனிதக் கைகளால் பசை வைத்தல். 2016 முதல் 2025 டிசம்பர் வரை. தற்போது இப்பணியை ரோபோ செய்கிறது."

அப்போது நடந்துகொண்டிருந்தது அக்டோபர். போர்டு எழுதியவர் கெட்டிக்காரர், வேலை போகிற ஆளுக்கு முன்னால் வேலை போன சேதியை மியூசியத்தில் வைத்துவிட்டார். சேதியைத் தெரிந்துகொள்ள நாங்கள் வள்ளியூரிலிருந்து டிக்கெட் எடுத்து வந்திருக்கிறோம்.

இவர் பையனைக் கீழே இறக்கிவிட்டார். என் பைக்குள் டி.சி. கிடந்தது. "ஊருக்கே போயிருவோமாங்க?" என்று காதோடு கேட்டேன். இவர் போர்டை மறுபடி ஒரு தடவை வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் செந்தமிழன் உள்ளே வந்தார். "இன்னா மாசானம், ஃபேமிலியா?"

"சார், டிசம்பர்னா ஒண்ணாந் தேதியா, முப்பத்தொண்ணா?" என்று கேட்டார் இவர். பிள்ளைகளின் அரைப் பரீட்சையை நினைத்துத்தான் கேட்டிருப்பார்.

செந்தமிழன் போர்டைப் பார்த்தார். "இத்த ஜனவரில தானே மாட்டச் சொன்னேன். பூஜைக்கு ஆளுங்க வர்றாங்கன்னு அவசரத்துல மாட்டிட்டானுங்க." பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த மெஷினுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையைக் கழற்றி, தேதி தெரியாதபடி போர்டின்மேல் தொங்கவிட்டார். பிரச்சினை தீர்ந்தது. பிறகு இவர் தோளில் கை போட்டார்.

"நல்ல நேரத்துல வந்த. நாளைக்குக் காலைல ஒரு அரை மணி நேரம் வந்துடு. ரோபோ அந்த மூலைல சொதப்பிகினே கீது, தண்ணி லீக் ஆவுது. அதுக்குக் கத்துக்குடுக்க எடுத்த படத்துல உன் லெஃப்ட் கை சரியா வுழல. ஒரே ஒரு ஷாட் எடுத்துகினு அனுப்பிடறோம்."

சரி சார் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு விஜயதசமி சார்" என்றார் இவர். "பிள்ளையளப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்."

டிசம்பரைப் பார்த்த பிறகுமா பிள்ளைகளை இங்கே சேர்ப்பது என்று நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் டி.சி. கிடந்த என் கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாளன்னிக்கு வா."

"வாறேன் சார். டிசம்பர் வரைக்கும் டெய்லி வாறேன், பசை வைக்கேன். கேமராவுக்கு மட்டும் இந்த விரல் வராது."

செந்தமிழன் சிரித்தார், இவர் விளையாடுவதாக நினைத்து. மூலையில் அந்த டிவி ஓடிக்கொண்டே இருந்தது. கீழே நின்ற மகாராஜா, போவோம் போவோம் என்று அப்பாவின் இடது கட்டை விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இவர் அவன் இழுத்த பக்கம் நடந்தார்.