குட்டையன் அழும் இடம்

ஒன்பது நிமிடக் கார்ட்டூன் அது. ஓட்டைப் படகில் மூன்று மாலுமிகள். கேப்டன் கயிறு கட்டாமலே நங்கூரத்தைக் கடலில் வீசுவான். பாரம் குறையட்டும் என்று துடுப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் பதக்கப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொள்வான். சமையல்காரன் கரண்டியால் தண்ணீர் இறைப்பான்; ஒவ்வொரு கரண்டியையும் ருசி பார்த்துவிட்டுத்தான் வெளியே ஊற்றுவான். மூன்றாமவன் குட்டையன். அவனுக்கு வசனமே கிடையாது. ஒரு வழியாகக் கேப்டனின் தொப்பியைத் திணித்து ஓட்டையை அடைத்து, அப்பாடா என்று எல்லாரும் உட்காரும்போது அவன் அழ ஆரம்பிப்பான். அந்தக் கண்ணீரில் படகு நிரம்பி மூழ்கிப்போகும். அந்த இடத்தில் சிரிக்காத குழந்தை கிடையாது, குழந்தையின் அப்பனும் கிடையாது.

அந்த அழுகை அவளுடையது.

நாற்பது வருடமாக, எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். "அத்தை, ஒரே ஒரு தடவை குட்டையன் மாதிரி அழுது காட்டுங்களேன்." அவள் சிரித்து மழுப்புவாள். பக்கத்தில் இருக்கும் கணவர் விட்டுக்கொடுக்கமாட்டார். "அவளா? சும்மா கேட்டா அழமாட்டா. அதுக்கு மூட் வரணும்." கூட்டம் சிரிக்கும். படத்தை வரைந்து இயக்கியவர் அவர். ஊர் முழுக்க அவரைக் கேப்டன் என்றே கூப்பிடும்.

அவள் எதற்காக அழுதாள் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. மூன்று நாளாக அவளை மைக் முன்னால் நிறுத்தி அழச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதுவும் சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு மேல் அவர் உள்ளே வந்து தோளில் கை வைத்து, தங்கச்சிக்கு ரொம்ப முடியவில்லை, இப்போதுதான் போன் வந்தது என்றார். அவள் நின்ற இடத்திலேயே உடைந்துபோனாள். மைக் திறந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன் என்று பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னார். "நீயே கேட்டுப் பாரு. வேண்டாம்னா அழிச்சிடறேன்." அவள் கேட்கவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பயணம். அழுத முகத்தோடு போனால் சின்னவள் பயந்துவிடுவாளே என்று முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அதில் ஒரு பத்து நிமிடம். அவள் வராந்தாவில் கால் வைத்தபோது தங்கை போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை அவள் இன்றுவரை இறக்கி வைத்ததில்லை. வீட்டில் பவுடர் டப்பா வாங்குவதையே விட்டுவிட்டாள்.

அம்மாவின் கணக்கு வேறு. "பத்து மணிக்கே போன் பண்ணியாச்சு. அக்கா எங்க, அக்கா எங்கன்னு ரெண்டு மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாடி அவ. பொம்மைக்கு அழுதுட்டுச் சாவகாசமா வந்தியா?" இல்லையம்மா, பதினொன்றரைக்குத்தான் வந்தது என்று இவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். கேப்டன் மாப்பிள்ளையும் சத்தியம் செய்தார். துக்கத்தில் அம்மாவுக்கு நேரம் குழம்பிவிட்டது என்று இவளே எல்லாரிடமும் சொன்னாள். அம்மா அதற்கப்புறம் பதினோரு வருடம் இருந்தாள். இவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இப்போது அந்தப் படத்தைத் தூசி தட்டிப் புதுப்பிக்கிறார்கள். சனிக்கிழமை திரையிடல், கேப்டனுக்குக் கேடயம். செவ்வாய்க்கிழமை காலை சவுண்டுக்காரப் பெண் போன் செய்தாள். படச்சுருளில் அழுகை வரும் இடம் மட்டும் தேய்ந்துபோய்விட்டது. மூல டேப் கிடைத்திருக்கிறது. அதில் நிறைய டேக் இருக்கிறது. எந்த டேக்கைப் போடலாம் என்று நீங்கள் வந்து கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஜன்னலில்லாத சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த துணி. பெண் ஹெட்ஃபோனைத் துடைத்துக் கொடுத்தாள், நாற்காலியைச் சரிசெய்தாள், மறுபடியும் ஹெட்ஃபோனைத் துடைத்தாள்.

"அம்மா, நான் போன வாரமே முழுசாக் கேட்டுட்டேன். உங்களைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு ரெண்டு மனசா இருந்துச்சு."

"என்னோட அழுகைதானே? கேட்டா என்ன குறைஞ்சிடப் போறேன்? போடும்மா."

டேப் சுழன்றது. குட்டையனின் கீச்சுக்குரலை எதிர்பார்த்தவளுக்கு முப்பது வயதுப் பெண்ணின் குரல் கேட்டது. மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்து, வேகமாக ஓட்டிக் கீச்சாக்குவதுதான் அப்போது வழக்கம். இங்கே பதிந்த வேகத்திலேயே ஓடியது.

அந்த ஸ்டூடியோவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் டேப் ஓட்டுகிறவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, மணியையும் எண்ணையும் சொல்வார். "பத்து மணி பத்து நிமிஷம். அழுகை. டேக் ஒன்பது." பிறகு அவளுடைய பொய் அழுகை. அப்புறம் ஒரு இடைவெளி. டேப் ஓட்டுகிறவர் தன் மைக்கை அணைக்க மறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பேசுவது இவளுக்குக் கேட்காது, டேப்புக்குக் கேட்கும்.

"அண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சே. அண்ணிகிட்ட சொல்லிடலாமே. அவசரம்னாங்க."

"இந்த அழுகை முடியட்டும்யா."

"அண்ணே, பாவம்ண்ணே..."

"இப்ப சொன்னா கிளம்பிடுவா. மூணு நாள் வேலை. நீ டேப்பைப் போடு."

பத்து இருபத்தைந்து, டேக் பத்து. பத்து நாற்பது, டேக் பதினொன்று. ஊ ஊ என்று, அழவே தெரியாதவன் அழுவதுபோல. பதினொன்று ஐந்துக்கு அவளே சிரித்துவிடுகிறாள்: "எனக்கு எங்கங்க அழ வருது? உங்களைக் கட்டிக்கிட்டு நல்லாத்தானே இருக்கேன்!" பதினொன்றரைக்கு மேல் மறுபடியும் டேப் ஓட்டுகிறவரின் குரல். "பதினொன்று முப்பத்தஞ்சு. டேக்... டேக் பதினாறு."

கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். "இங்க பாரு. உன் தங்கச்சிக்கு ரொம்ப முடியலயாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

எண் கொடுத்திருந்தார்கள். சொல்வதற்கு முன்னாலேயே அதற்கு எண் கொடுத்திருந்தார்கள்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து அவளுடைய அழுகை எறும்பளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பெண் கை நீட்டி நிறுத்தினாள். டேப் ஓட்டியவர் அந்த மாதமே வேலையை விட்டுப் போனது இவளுக்கு ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டானே, நன்றி கெட்டவன் என்று கேப்டன் திட்டியதும்.

"அம்மா, தண்ணி?"

"வேண்டாம்மா. எதுன்னு நாளைக்குச் சொல்றேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. அம்மாவின் முகம்தான் வந்தது, பொய் சொல்கிறவளைப் பார்க்கும் அந்தப் பார்வையோடு. அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எத்தனை பேரிடம் சொன்னோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். தோளில் வைத்த கையை நினைத்துக்கொண்டாள். அந்தக் கைக்காக எத்தனை சண்டைகளில் அவரை மன்னித்திருக்கிறாள். நமக்கொரு கஷ்டம் என்றால் மனிதர் ஓடி வந்து நிற்பார் என்று.

அவர் சாப்பாட்டு மேஜையில் சனிக்கிழமைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன, கேட்டியா? எது நல்லா இருக்கு?"

அவள் பக்கத்தில் குனிந்து, காதில் மாட்டிய மெஷினுக்குக் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து எத்தனை மணிக்குப் போன் வந்துச்சு?"

"பதினொன்றரை" என்றார். தலைகூட நிமிரவில்லை. பேனா நிற்கவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றை யோசிக்காமல் சொன்னார். பிறந்த தேதியைச் சொல்வதுபோல.

"சரி" என்றாள். சாதம் வைத்தாள். ரசம் ஊற்றினாள். உப்பு போதுமா என்று கேட்டாள்.

மறுநாள் காலை சவுண்டுக்காரப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். "டேக் பதினொன்னு போடும்மா."

"அம்மா, அதுக்குச் சிரிப்பே வராது."

"வராது."

"சார் கேட்டா?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் பாத்துக்கறேன்."

"பதினாறு கெட்டுப்போச்சுன்னு எழுதிடறேன்மா" என்றாள் பெண்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. கேடயத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் என்றால் காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே இரைச்சலாக்கிவிடும். இசை எது, சிரிப்பு எது என்று பிரித்துச் சொல்ல அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். நங்கூரம் விழுந்தபோது அவள் பக்கம் சாய்ந்தார். "சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க." சிரித்தார்கள்தான்.

சமையல்காரன் ருசி பார்த்தான். சிரித்தார்கள். தொப்பி ஓட்டையை அடைத்தது. குட்டையன் வாயைத் திறந்தான்.

ஊ ஊ என்றது. யாரோ இருமினார்கள். பின் வரிசையில் ஒரு குழந்தை எழுந்து நின்று தண்ணீர் கேட்டது. படகு நிரம்பிக்கொண்டே போனது, அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. இந்த இடத்தில் எப்போதும் செய்வதுபோல அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க" என்றாள், தலையைத் திருப்பாமல்.

அவர் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.