மாமியின் குசினிக்கு இருபத்துநாலு வோல்ட்

கலியாணமாகி மூன்று மாதங்களாகத் தெல்லிப்பழையில், மனைவி உதயகலாவின் சீதன வீட்டில்தான் கஜீபன் குடியிருந்தான். வீட்டில் இருப்பது மூன்றே பேர். அப்படியிருந்தும் மாமி பாலேஸ்வரி அவனோடு நேராக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. "பிள்ளை, அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ கேள்" என்பார் மகளிடம். 'அவர்' இரண்டு முழத் தூரத்தில்தான் நிற்பார். மாமிக்குக் கோபம் ஒன்றுமில்லை. மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. கஜீபனுக்கோ அந்த மரியாதையில் மூச்சு முட்டியது. கடைசிவரை இந்த வீட்டில் விருந்தாளிதானோ என்று பயந்தான்.

அதனால்தான் மாமியின் தங்கை கமலாவதி கனடாவிலிருந்து அனுப்பிய எல்இடி விளக்குப் பட்டியைத் தானே மாமி சமைக்கும் குசினியில் பூட்டுவதாக முந்திக்கொண்டான். சுவரோடு நீளும் அலுமாரிகளுக்குக் கீழே பிசகாமல் ஒட்டினான். கூடவே வந்த பவர் சப்ளையின் தட்டைக் கால்கள் இந்த ஊர்ச் சுவர்த் துளைகளில் நுழையவில்லை. கடையில் விற்கும் பிளக் மாற்றியைப் பொருத்திச் சுவிச்சைத் தட்டினான்.

டப்! ஒரு கணம் வெளிச்சம், பிறகு கருகல் நாற்றம்.

நல்லவேளை, மாமி கோயிலுக்குப் போயிருந்தார். உதயகலா வேலைக்குப் போயிருந்தாள். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கமலாவதி வீடியோவில் வந்து வெளிச்சம் பார்ப்பதாக ஏற்பாடு. செத்த பவர் சப்ளைப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கினான்.

மின்சாமான் கடையில் நின்ற யசிந்தா பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

"கனடாச் சாமானோ அண்ணை?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"நூற்றியிருபது வோல்ட் எண்டு எழுதிக் கிடக்கு. எங்கடை கரண்ட் இருநூற்றிமுப்பது. நீங்கள் போட்ட மாத்தி காலைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. மாசத்துக்கு நாலு பேர் உப்பிடி வருவினம்."

"அப்ப லைட்டும் பழுதாய்ப் போட்டுதோ?"

"அனேகமாய்த் தப்பியிருக்கும். பட்டி எத்தினை வோல்ட்? இதிலை அந்த எழுத்துக் கருகிப் போச்சு."

"இருக்கிறதிலை பெரிசாய்த் தாங்கோவன் தங்கச்சி."

"வாட்ஸ் கூடினால் பரவாயில்லை. வோல்ட் பிழைச்சால் பட்டியையும் தூக்கிக்கொண்டு இஞ்சைதான் வருவியள். வீட்டிலை ஆரும் நிண்டால் பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ."

உதயகலா வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டாள். இதற்குள் கோயிலிலிருந்து வந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். குத்துமதிப்பாக ஒன்றை வாங்கிப் போய்விடலாமா? பட்டியும் கருகினால் ஆறு மணிக்கு எந்த முகத்தோடு நிற்பது? கஜீபன் இலக்கத்தை அழுத்தினான்.

"மாமி, கஜீபன் கதைக்கிறன்."

"பிள்ளை வேலையிலை..." மாமியின் குரல் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் வந்தது.

"உங்களோடைதான் மாமி அலுவல்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பட்டியின் வோல்ட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டான்.

மறுமுனையில் விக்கல்போல ஒரு சத்தம். அழுகிறாரோ என்று அவன் பதறினான். மாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் கமலா சோறு சமைக்கிற குக்கர் ஒண்டு அனுப்பினவள். நானும் உப்பிடித்தான் செருகினனான். புகைதான் வந்தது! அரிசிப் பானைக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் அதிலைதான் சமைக்கிறன் எண்டு அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கு. உதயாவுக்கும் தெரியாது. தம்பி, நீங்கள் வாய் திறக்கப்படாது!"

"சத்தியமாய் இல்லை மாமி."

அவன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "இரண்டு, நாலு, பக்கத்திலை வீ. பட்டி வந்த மட்டைப் பெட்டியிலை மீற்றருக்குப் பத்து வாட்ஸ் எண்டு கிடக்கு. நீளம் பொறுங்கோ, தையல் நாடா எடுத்து வாறன்... பதினாறரை அடி!"

"அஞ்சு மீற்றர், அம்பது வாட்ஸ்" என்றாள் யசிந்தா. "அம்பதுக்கு அம்பது எடுத்தால் அது எந்நேரமும் மூச்சிரைச்சுக்கொண்டு நிக்கும். சூடேறிக் கெதியாய்ப் போயிடும். இருபத்துநாலு வோல்ட், அறுபது வாட்ஸ் கொண்டுபோங்கோ. காத்துப்படுற இடத்திலை வையுங்கோ."

"அடுப்புப் பக்கம் வேண்டாம் தம்பி, ஆவி அடிக்கும்!" என்று தொலைபேசிக்குள்ளிருந்து மாமி கத்தினார்.

ஆறு மணிக்குக் குசினி பளிச்சென்று இருந்தது. "வடிவாய்க் கிடக்கு அக்கா! நான் அனுப்பின பெட்டியிலைதானே எரியுது?" என்று கேட்டாள் கமலாவதி.

"பின்னை? கனடாச் சாமான் எண்டால் சும்மாவே?" மாமியின் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. கஜீபன் அவசரமாகத் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அழைப்பு முடிந்ததும் மாமிக்கும் சிரிப்பு வெடித்தது. உதயகலா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன இரண்டு பேருக்கும் சிரிப்பு?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, உன்ரை வேலையைப் பார்" என்ற மாமி, திருவலையை மருமகன் பக்கம் தள்ளினார். "தம்பி, உந்தப் பாதித் தேங்காயைத் திருவித் தாங்கோ, சம்பலுக்கு."

உதயகலா வாய் பிளந்து நின்றாள். கஜீபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சிரட்டைத் தூள் விழாமல் திருவவேணும், சொல்லிப்போட்டன்" என்றார் மாமி. "இந்த வெளிச்சத்திலை எனக்கு எல்லாம் தெரியும்."