நடுவில் ஓர் ஆள் இடம்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் ஏழு பெண்களை இந்த உலகத்தில் நாற்பத்தோரு லட்சம் பேர் வீடியோவில் பார்த்துவிட்டார்கள். மூன்று தெரு தள்ளி இருக்கிற சகாயமேரி மட்டும் பார்க்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தியான ரேணுகாவுக்கு நாற்பத்தோரு லட்சத்தைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. சகாயமேரி ஒருத்தி பார்த்தால் போதும் என்றிருந்தாள்.

பாத்தி மிதிப்பது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க உப்பளத்தில் தண்ணீர் நிற்கும். பொங்கல் கழிந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் களிமண் தரையை வெறுங்காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறும் சேர்ந்து வரும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான். எட்டுப் பெண்கள் பக்கம் பக்கமாக நின்று, ஒவ்வொருத்தியும் வலது கையைப் பக்கத்துக்காரியின் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி என்று குதிகாலை அழுத்தி அழுத்தி நகர வேண்டும். தோளில் கை இல்லாமல் மிதித்தால் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வரிசையில் அவரவர் இடம் அவரவருக்குத்தான். ஒருத்தி வேலையை விட்டுப் போவதென்றால் அவளே பாத்திக்குள் இறங்கி வந்து, புதிதாக வருகிறவளின் கையைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இவர்களுக்குள் அதைக் கால் மாற்றுவது என்பார்கள். அப்படி மாற்றாமல் வேறொருத்தியை நிறுத்தினால் அந்தப் பாத்தியில் உப்பு கறுத்துவிடுமாம். கறுக்குமோ கறுக்காதோ, சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

ரேணுகா நாலாவது. அஞ்சாவது சகாயமேரி. அவள் கால் மாற்றாமலே போய் நாலு வருடம் ஆகிறது. அதனால் எட்டுப் பேர் வரிசையில் ஏழு பேர்தான், நடுவில் ஓர் ஆள் இடம் காலி. ரேணுகாவின் வலது கை பழக்க தோஷத்தில் தூக்கியபடியே நிற்கும், கீழே தோள் இல்லாமல். மேஸ்திரி பாலகுரு வருஷா வருஷம் புலம்புவார். நடுவில் ஒரு பட்டை மண் மிதிபடாமல் போகிறது, ரேணுகாவும் ஆறாவதாக நிற்கிற தனகோடி அக்காவும் திரும்ப வந்து அதை மிதிக்க வேண்டியிருக்கிறது, நேரம் போகிறது என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

சகாயமேரி போனதற்குக் காரணம் ரேணுகாதான். இதை ரேணுகாவே மறுக்கமாட்டாள், இப்போது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சகாயமேரி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள். ரேணுகா அதை போட்டோ எடுத்து, 'திமிங்கலம் கரை ஒதுங்கியது' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகாயமேரியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள், "ஓ, நீங்கதானா அந்தத் திமிங்கலம்?" என்று. கல்யாணம் என்னவோ நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் புதுச் சம்பந்தி முன்னால் கூனிக் குறுகி நின்ற அந்த ஒரு நிமிடத்தை சகாயமேரி மறக்கவில்லை.

அவள் வந்து கேட்டபோதாவது ரேணுகா தலையைக் குனிந்திருக்கலாம். "வெளையாட்டுக்குப் போட்டேன்டி, இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?" என்றாள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. சகாயமேரி அன்றைக்கே டச் போனை மகளிடம் கொடுத்துவிட்டு பட்டன் போனுக்கு மாறினாள். ஆரோவிலில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வீட்டில் ரேணுகா பேரை எடுத்தால் எடுத்தவர்களுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

ரேணுகா இரண்டு தடவை சகாயமேரியின் வீடு இருக்கிற மாதா கோயில் தெருவுக்குப் போனாள். முதல் தடவை சகாயமேரி பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். இரண்டாவது தடவை வாசலில் செருப்பு கிடந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் டிவி நின்றது, கதவு திறக்கவில்லை. ரேணுகா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்த வருடம் மிதிப்பு தொடங்கிய இரண்டாவது நாள், வரிசையிலேயே சின்னவளான பூவிழி தன் போனை வரப்பில் தண்ணீர் கேன் மேல் சாய்த்து வைத்து, நாற்பது விநாடி வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். மற்ற ஆறு பேரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் போட்டாள். அந்த விஷயத்தில் ரேணுகா கறாராக இருந்தாள். முதல் நாள் இருநூறு பேர் பார்த்தார்கள், அதில் பாதி மரக்காணம். நாலாம் நாள் பூவிழி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, இந்தோனேசியாக்கா."

"அவங்களுக்கு என்னவாம்?"

பூவிழி நீட்டிய போனில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி நர்சுகள், ஏழு பேர், வெள்ளை உடுப்போடு வராந்தாவில் நின்று முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ பாட்டு சேர்த்திருந்தார்கள். அடுத்த நாள் பிரேசிலில் கடற்கரை மணலில் ஒரு கூட்டம். அதற்கடுத்து போலந்தில் ஒரு ரொட்டிக் கடை ஆட்கள், முழங்கை வரைக்கும் மாவு. நைஜீரியாவில் பள்ளிக்கூட டீச்சர்கள் கொடிக்கம்பத்துக்குக் கீழே ஆடினார்கள், பெரிய டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எல்லோரும் நடுவில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நாலாவதாக நிற்கிறவர் வலது கையை அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தார். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள், பாவம். ரொட்டிக் கடையில் தொப்பையோடு ஒரு பெரியவர், கையைத் தூக்கியபடி முகத்தை ரேணுகாவைப் போலவே உம்மென்று வைத்திருந்தார்.

"என்னை மாதிரியே இருக்கான் இவன்," என்று ரேணுகா ஒத்துக்கொண்டாள்.

வீடியோ எங்கெல்லாம் போகிறது என்று பூவிழி ஒரு மதியம் வரப்பில் உட்கார்ந்து கணக்குச் சொன்னாள். "நம்ம ஊருன்னா வாட்ஸ்அப்புக்கா. காலையில குட்மார்னிங்ல ஆரம்பிச்சு சாவுச் சேதி வரைக்கும் அதுலதான். சீனாக்காரங்களுக்குத் தனியா ஒன்னு, ரஷ்யாக்காரங்களுக்குத் தனியா ஒன்னு. ஜப்பான்ல இன்னொன்னுல பேசிக்குவாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொன்னு பிடிக்குது. ஆனா வீடியோ மட்டும் வேலி தாண்டி எல்லாத்துக்கும் போயிடுது."

"மாதா கோயில் தெருவுல எது ஓடுது?" என்றாள் ரேணுகா.

பூவிழி கொஞ்சம் யோசித்தாள். "சகாயமேரி அக்கா கையில பட்டன் போன்க்கா. அங்க எதுவும் ஓடாது."

வீடியோவுக்குக் கீழே உலகத்து ஆட்கள் அந்தக் காலி இடத்தைப் பற்றி சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமிக்காக விட்ட இடம் என்றார் ஒருவர். செத்துப்போன தோழிக்காக விட்டது, எனக்குக் கண்ணீர் வருகிறது என்று மெக்சிகோவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். பூவிழி அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் ரேணுகாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு செத்தா? அவ நூறு வருஷம் இருப்பா. அழிக்கச் சொல்லு அதை."

"அப்ப நீங்களே ஒரு வீடியோல சொல்லிடுங்கக்கா. தப்பு என்மேலதான், வந்துடு சகாயமேரின்னு. யாராவது ஒருத்தர் அவங்ககிட்ட காட்டிடுவாங்க."

"வேணாம். அவள ஊரு முன்னால போட்டுதான் இந்த வினையே. மறுபடியும் அவள கேக்காம அவ பேரை நான் போன்ல ஏத்த மாட்டேன்."

அந்த வார சனிக்கிழமை பாலகுரு முடிவாகச் சொல்லிவிட்டார். "ஏம்மா ரேணுகா, நாலு வருஷம் பொறுத்தாச்சு. செவ்வாக்கிழம ஜான்சின்னு ஒரு பொண்ணு வர்றா. அவளை நடுவுல நிறுத்திக்க. உப்பு கறுத்தா கறுத்துட்டுப் போவுது." ரேணுகாவுக்கு அந்த இடத்தைப் பற்றித்தான் கவலை. இடம் போய்விட்டால் சகாயமேரி திரும்புவதற்கு என்று இந்த உப்பளத்தில் எதுவும் மிச்சமிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜான்சி வந்தாள். இருபத்தைந்து வயதுக்காரி, மரியாதை தெரிந்த பெண். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும், அதில் காலை வைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. பூவிழி வழக்கம்போல போனைத் தண்ணீர் கேனில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். ரேணுகா கையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து வரப்பு மேலே ஒருத்தி வருவது தெரிந்தது. பழைய புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் செருப்பு. தனகோடி அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "சகாயம்டி."

பாலகுருவுக்கு ஏகத் திருப்தி. "நல்ல சமயத்துக்கு வந்த. பொண்ணு ரெடியா நிக்குது. கால் மாத்திக் குடுத்துட்டுப் போ, எந்தக் கொறையும் இருக்காது."

கால் மாற்றத்தான் வந்திருக்கிறாள். வேறு எதற்கு வரப்போகிறாள்? ஆனாலும் ரேணுகாவுக்கு இந்த முறை வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடாது என்று தோன்றியது. வரிசையை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"சகாயம், மாத்திக் குடுக்கறதுக்கு முன்னால ஒன்னு சொல்லிக்கிறேன். உன்னைக் கேக்காம போட்டோ எடுத்தேன், கேக்காம போட்டேன். நீ வந்து கேட்டப்பவும் வெளையாட்டுன்னு சொன்னேன். அது வெளையாட்டு இல்ல. பண்ணது தப்பு. என்னை மன்னிச்சிடு."

சகாயமேரி செருப்பை வரப்பில் வைத்துவிட்டு பாத்திக்குள் இறங்கினாள். ரேணுகாவைப் பார்க்காமல், தனகோடி அக்காவைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினாள்.

"நேத்து சாயந்தரம் எங்க கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில வெள்ளக்காரங்க ஏழு பேரு ஆடிட்டிருந்தாங்க. நான் ஜன்னலோரம் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். முன்னால ரெண்டு, பின்னால ஒன்னு. இதென்னடா, நம்ம மிதி மாதிரி இருக்குதேன்னு பாத்தேன். நடுவுல ஒரு ஆள் இடம் வுட்டிருந்தாங்க. ஒரு ஒசந்த ஆளு கையை அந்தரத்துல வெச்சிருந்தான். போயி, ஏன்பா அங்க எடம் வுட்டீங்கன்னு கேட்டேன். அதுதான் ஸ்டெப்பாம். போனை எடுத்துக் காட்டுறான், அதுல நீங்கல்லாம் நிக்கிறீங்க. என் எடத்துல யாரும் இல்ல."

சகாயமேரி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் அழறேன்னு அத்தன பேரும் சுத்தி நின்னு கேக்குறாங்க. வெங்காயம்னு சொன்னேன். வெங்காயத்தை உள்ளயே வெச்சிட்டுதான வந்தேன், அவங்க எப்படி நம்புவாங்க?"

பிறகு முதல் முறையாக ரேணுகா பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷமும் கையை அப்படியேவா வெச்சிருந்த?"

"பழக்கம்."

"வலிக்கல?"

"வலிக்கும்," என்றாள் ரேணுகா.

சகாயமேரி போய் ஜான்சியின் கையைப் பிடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் ஜான்சியை அஞ்சாவது இடத்தைத் தாண்டி, தனகோடி அக்காவைத் தாண்டி, வரிசையின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "நீ இங்க நில்லும்மா. இது புது எடம், யாரும் மாத்திக் குடுக்க வேணாம்." திரும்பி வந்து ரேணுகாவுக்கும் தனகோடி அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"ஆரோவில் வேலை?" என்றார் பாலகுரு, ஒன்பது பேருக்குக் கூலி போட வேண்டுமே என்ற யோசனையில்.

"மழைக்காலத்துல அங்க, வெயில் காலத்துல இங்க. சொல்லிட்டுதான் வந்தேன். நீங்க வரப்ப வுட்டு நவுருங்க, மேஸ்திரி, வெயில் ஏறுது."

ரேணுகா கையைத் தூக்கி வைத்தாள். இந்த முறை கீழே தோள் இருந்தது. நாலு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்த, வியர்த்த, சூடான தோள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றாவது சுற்றில் சகாயமேரிக்குக் கால் தப்பியது, ரேணுகா பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் சேர்ந்து வழுக்கி ஒரே சமயத்தில் சேற்றில் உட்கார்ந்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தனகோடி அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

டீ நேரத்தில் பூவிழி போனை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது. ஜான்சி வந்தது, மன்னிப்புக் கேட்டது, கடைசியில் சேற்றில் விழுந்தது. "அக்கா, இதைப் போட்டா கோடிக்குப் போவும். அந்த எடம் யாருக்குன்னு ஒலகமே காத்துட்டிருக்குது." அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"இரு," என்று ரேணுகா போனைப் பிடுங்கினாள். சேலை முந்தானையில் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, போனை சகாயமேரியிடம் நீட்டினாள். "சகாயம், நீ பாத்துட்டு சொல்லு. நீ வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

சகாயமேரி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாள். சேற்றில் விழுந்த இடம் வந்ததும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள்.

"என் வாய் மூடியிருக்குதாடி?"

ரேணுகா எட்டிப் பார்த்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்ல. நீதான் சிரிக்கிறியே, நல்லா தொறந்துதான் இருக்குது."

சகாயமேரி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைப் பூவிழியிடம் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல. போடு."