இந்தியர் பதினான்கு, தேர்ச்சி ஐந்து

மூன்றாம் படிவத் தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில், இனவாரிக் கணக்கை எழுதும் வேலையை ஆசிரியர் தம்பிராஜாவிடம் கொடுத்தார் தலைமையாசிரியர். மலாக்கா, 1963 ஜனவரி. கல்வி அலுவலகம் அனுப்பியிருந்த தாளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு வரிசைகள். எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்று நிரப்ப வேண்டும்.

இந்தியர் வரிசையில் எழுதியவர் பதினான்கு, தேறியவர் ஐந்து. அந்த ஐந்து பேரையும் தம்பிராஜாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேர் காஜா பேராங் பகுதி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி அவருடைய அக்காள் மகள். மற்ற மூவருக்கும் அப்பா அரசாங்கக் குமாஸ்தா, தொடக்கத்திலிருந்தே ஆங்கிலப் பள்ளி. மீதி ஒன்பது பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். ஒருவர்கூடத் தேறவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான தெய்வானையின் பெயரைத் தேறியவர் பட்டியலில் இரண்டு முறை தேடினார். இல்லை. கணக்கில் பள்ளியிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். ஆங்கிலம், சரித்திரம், பூகோளம் மூன்றிலும் தவறியிருந்தாள்.

அந்த ஒன்பது பேரும் அவர் கைக்கு வந்து நான்கு வருஷமாகியிருந்தது. தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் முதல் படிவத்துக்குப் போகுமுன் ஒரு வருஷம் ஆங்கிலம் பழக வேண்டும். அதற்கு ரிமூவ் வகுப்பு என்று பெயர். அந்த வகுப்பைத் தலைமையாசிரியர் அவருக்கு ஒதுக்கியபோது, "எனக்குத் தமிழ் தெரியாது சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் தம்பிராஜா.

"நீங்க இந்தியர்தானே? தினமும் திருநீறு பூசிக்கிட்டு வர்றீங்களே."

"நாங்க மலாக்கா செட்டி. பல தலைமுறையா வீட்டில் மலாய்தான் பேசுவோம். என் அப்பாவுக்கும் தமிழ் வராது."

"என்கிட்ட இருக்கிற ஒரே இந்திய ஆசிரியர் நீங்கதான்" என்று பேச்சை முடித்துவிட்டார் அவர்.

முதல் நாள் இருபத்தாறு பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னார், யாரும் அசையவில்லை. மலாயில் சொன்னார், கடைத்தெரு மலாய் தெரிந்த சிலர் மட்டும் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, அவர் மலாயில் சொன்னதை மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னாள். அவள்தான் தெய்வானை, வயது பதின்மூன்று. அன்றிலிருந்து அவர் சொல்வதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வகுப்புக்குப் போயிற்று. மற்றவர்கள் எழுதிப் பழகும் நேரத்தில் அவள் பெஞ்சுக்குப் பெஞ்சு போய் விளக்கிக்கொண்டிருப்பாள். அவள் நோட்டு மட்டும் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். தம்பிராஜா அதைப் பார்த்தார். பார்த்தும், அவள் இல்லாமல் வகுப்பு நடக்காது என்பதால் விட்டுவிட்டார்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடையில் தமிழ் அரிச்சுவடி ஒன்று வாங்கி வந்து இரண்டு மாதம் படித்தார். எழுத்துகள் பிடிபட்டன. பேச்சு வரவில்லை. ரிமூவுக்குப் பிறகு மூன்று படிவங்களிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவரேதான் வகுப்பாசிரியர். இருபத்தாறு பேரில் பதினேழு பேர் வழியிலேயே நின்றுபோனார்கள்.

இப்போது அவர் அந்தத் தாளில் இந்தியர் வரிசைக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு, "தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்: எழுதியவர் ஒன்பது, தேறியவர் யாருமில்லை. கற்பித்தவருக்கு அவர்கள் மொழி தெரியாது" என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்.

"இதென்ன?"

"நடந்தது சார்."

"இப்படி ஒரு வரிசை தாளில் இல்லையே. பதினாலுக்கு அஞ்சு, மோசமில்லை. போன வருஷத்தைவிட நல்லாவே இருக்கு."

"அந்த அஞ்சு பேரும் எங்கே படிச்சாலும் தேறியிருப்பாங்க. தனியா எழுதினாத்தான் தமிழ் தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தரை அனுப்புவாங்க."

"உங்களுக்குத்தான் கெட்ட பேர், தம்பிராஜா" என்று சொல்லிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பதினான்கு, ஐந்து என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே தம்பிராஜா தெய்வானையின் வீட்டுக்குப் போனார். வாய்க்காலோரம் இரண்டு அறை பலகை வீடு. அவளுடைய அம்மா பொன்னம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியும் மலாய் பழகவில்லை. அப்பா இல்லை. பொன்னம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தெய்வானை நடுவில் நின்றாள்.

"பண்டார் ஹிலிரில் ஒரு தனியார் பள்ளி இருக்கு. ஒரு வருஷம் படிச்சு மறுபடி எழுதலாம். பள்ளிச் சம்பளத்தை நான் கட்டுறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார் மலாயில்.

அவள் தமிழில் சொன்னாள். பொன்னம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருசம் இவருகிட்டதானே படிச்ச? அப்புறம் எப்படிடி பெயிலான? அதை அவரையே கேளு. நம்ம பாசையே தெரியாதவரு என்னத்தச் சொல்லிக் குடுத்தாரு? இன்னும் ஒரு வருசம் போயி என்னா ஆவப்போவுது? கிளேபாங்ல தொர வீட்டு வேலைக்குச் சொல்லியாச்சு. திங்கக்கிழமை போவணும்."

தெய்வானை தரையைப் பார்த்தாள். பிறகு மலாயில் சொன்னாள்: "அம்மா உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்றாங்க சார். வேலை கிடைச்சிடுச்சாம். படிப்பு போதுமாம்."

நான்கு வருஷம் தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்தவருக்கு 'நாலு வருசம்', 'பெயில்', 'பாசை' இந்த மூன்றும் புரிந்தன. மிச்சத்தைப் பொன்னம்மாவின் முகம் சொன்னது.

"உனக்கு என்ன வேணும் தெய்வானை?"

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. "திங்கக்கிழமை போகணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் மாதம் அந்தக் கணக்குக்குப் பதிலாகக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்திய மாணவர்களின் தேர்ச்சி திருப்தியளிப்பதால் ரிமூவ் வகுப்புக்குத் தனி ஆசிரியர் தேவைப்படவில்லை என்று அதில் இருந்தது. தம்பிராஜா மாற்றல் கேட்டு எழுதினார். அதுவும் கிடைக்கவில்லை. புதிதாக வந்த இருபத்திரண்டு பேரும் அவரிடமேதான் படித்தார்கள்.

தெய்வானையை அவர் ஒரே ஒரு முறை பார்த்தார். செப்டம்பரில், கிளேபாங் பஸ் நிறுத்தத்தில். ஓர் ஆங்கிலேயத் துரையின் இரண்டு குழந்தைகளைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவன் ஏதோ அடம்பிடித்தான். அவனிடம் குனிந்து ஆங்கிலத்தில், தடுமாறாமல், பஸ் வரும்வரை சாலைக்கு அந்தப் பக்கம் போனால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிழை இல்லை. நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அதே ஆங்கிலத்தில் கேட்டாள்.

எட்டு மாதத்தில் ஒரு வீட்டு அடுப்படியில் கற்றிருக்கிறாள். தம்பிராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது. குழந்தைகளைத் தூக்கி ஏற்றிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.