பத்தாங்கட்டையில் பெண் பார்த்தது

என்னை மூன்று முறை பெண் பார்த்தார்கள். முதல் இரண்டு முறையும் நோரிஸ் ரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. இரண்டு கூட்டத்தாரும் கேசரியை ஒரு கை பார்த்துவிட்டு, "பொண்ணு டீச்சர் வேலைய விட்டுடணும்" என்றார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா அழுதார். அப்பா அழவில்லை, அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

என் அப்பா துரைசாமி துறைமுகத்தில் கிராணி. ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஏழாம் நாள் வீடு கொள்ளாது. அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி, தெம்பனிஸ் ரோடு பத்தாங்கட்டையில், அதாவது பத்தாவது மைல்கல்லில், இறக்கி, ஆற்றோரமாக நாலு மைல் நடக்க வைப்பார். மற்றவர்கள் வீட்டில் படம் பார்க்கப் போவார்கள்; நாங்கள் ஆறு பார்க்கப் போவோம். போகும்போது திட்டிக்கொண்டே போவேன், வரும்போது வாயைத் திறக்க மாட்டேன். அவ்வளவு அழகு அந்தப் பள்ளத்தாக்கு. அதை அப்பாவிடம் ஒரு நாளும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்றாவது வரன் வந்தபோது அப்பா சொல்லிவிட்டார். "வீட்டுல உக்காந்து பாத்தா கேசரிதான் தெரியும். நாலு மைல் கூட நடந்தா மனுஷன் தெரிவான்லா. அவங்களையும் நடக்கக் கூப்பிடு."

மாப்பிள்ளை பெயர் வேலாயுதம், தந்தி ஆபீசில் வேலை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வீடு. அவருக்கு அப்பா இல்லை, அம்மா சிவகாமசுந்தரி மட்டும். இந்தக் கூத்துக்கெல்லாம் அந்தம்மா சம்மதிக்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். "வர்றோம்" என்று மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பகலில் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு, மாலையில் ஆசிரியர் பயிற்சி. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். இந்த மனிதரும் வேலையை விடச் சொன்னால் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்பதில்லை என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில், விடிகாலையில் எழுந்து சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் டின்னோடு அடுப்படியில் வைத்துவிட்டு, வழக்கமாக எங்கள் நடைக்குக் கட்டும் புளிச்சோறு இருந்த டிபன் கேரியரை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இது சின்னத் தப்பில்லை. எங்கள் வழக்கப்படி, பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோறு மட்டும் தொடக் கூடாது. சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். ஆக, நாலு மைல் நடக்கப் போகிறவர்களுக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் தண்ணீரும், அவர்கள் தொடக் கூடாத சோறும்தான். அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அறுபத்தொன்றாம் வருஷம், ஜூன் மாதம். பத்தாங்கட்டையில் சிவகாமசுந்தரி அம்மாள் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார். நல்ல பருமன். பாவம், அரை மைலில் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "எந்தப் பக்கம் அண்ணே?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

பாதை சுலபமானதுதான். நடக்கத் தெரிந்த பிள்ளை எதுவும் நடக்கலாம் என்பார் அப்பா. இடது பக்கம் ஆறு. பெரிய ஆறொன்றும் இல்லை, தேத்தண்ணி நிறத்தில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். வலது பக்கம் ரப்பர் மரங்கள் மூடிய மேடுகள். ஒன்று இறங்கும் இடத்திலேயே அடுத்தது ஏறத் தொடங்கும். பாதையும் கூடவே ஏறி இறங்கும், ஆனால் எந்த மேட்டிலும் மூச்சு வாங்காது. தண்ணீர் ஓரமாகச் சீனர்களின் காய்கறித் தோட்டம், வகிடெடுத்த மாதிரி நேர் நேராகக் கீரைப் பாத்திகள். காலையில் ஒரு மழை பெய்து விட்டிருந்ததால் எல்லா இலையும் மின்னியது.

"இருவத்திரெண்டு வருஷமா எனக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு, மார்க்கெட்டு, கோயிலு. இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே!" என்றார் சிவகாமசுந்தரி அம்மாள். ஒரு தோட்டக்காரரை நிறுத்தி, மலாயில் பேசி, பந்தலில் தொங்கிய காய்க்கு என்ன பெயர் என்று கேட்டார். மரப்பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். நான் மாப்பிள்ளையைப் பார்க்க மறந்துபோய் அந்தம்மாவையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் வயது வரும்போது எனக்கு இப்படி ஆசையாகப் பார்க்கக் கண் இருக்குமா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துப் பெருவாத்து இரண்டு கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தபோது, தன் அம்மாவின் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களையெல்லாம் தாண்டி ஓடினார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"தந்தி ஆபீஸ்ல வாத்து கெடையாதுங்க," என்றார் அவர், மூச்சு வாங்க. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது மேட்டின் உச்சியில் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் சாங்கிப் பக்கம் ஒரு கீற்றாகக் கடல் தெரியும். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா பழக்க தோஷத்தில் இலைக்கட்டைப் பிரித்து, கேரியரைத் திறந்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமுமாக வாசனை தூக்கியடித்தது. பலகார டின்னைத் தேடிப் பையைத் துழாவியவர் பையையே தலைகீழாகக் கவிழ்த்தார்.

"அய்யய்யோ, டின்ன வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேங்க!"

அப்பா கடலைப் பார்த்தார். வேலாயுதத்தின் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது.

"பரவால்ல தங்கச்சி, தண்ணி போதும்," என்றார் சிவகாமசுந்தரி அம்மாள். "பேச்சு முடியாம சோத்துல கை வைக்கக் கூடாதுல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படீன்னா இப்பவே பேசி முடிச்சிடலாம்," என்று வேலாயுதத்தைப் பார்த்தேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் ஸ்கூலுக்குப் போவேன். வேலைய விட மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வேலாயுதம் திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். கேரியர் மூடியை எடுத்து அழுத்தி மூடினேன். எனக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் காரணம்.

"என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு?" என்று மகனை அதட்டினார் சிவகாமசுந்தரி அம்மாள். "அது ஒன்னையத்தானே கேக்குது?"

"இல்லம்மா, எனக்குப் பாதி நாள் நைட் ஷிப்ட். அவங்களும் வேலைக்குப் போயிட்டா ஒன்னைய யாரு பாத்துக்குவா? முட்டி வலிக்குதுங்கற."

"ரெண்டு மேடு ஏறி வந்தவள எதுக்குடா பாத்துக்கணும்? வீட்டுல உக்காந்தே கெடந்தா முட்டி வலிக்காம என்ன செய்யும்?" என்றார். பிறகு பட்டுச்சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் புல்லில் சம்மணமிட்டு, ஓர் இலையை இழுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார். "மங்களம், எனக்குச் சோறு போடும்மா," என்றார் என்னைப் பார்த்து.

"அக்கா!" என்றார் அம்மா.

"தெரிஞ்சுதான் கேக்குறேன் தங்கச்சி. நான் சாப்பிட்டா எங்க பக்கம் முடிஞ்சது. மங்களம், இவன் பதில் சொல்லட்டும். நீ கேட்டுக்க. இவனுக்கு எலை போடுறதும் போடாததும் ஒன் இஷ்டம்."

எந்த வீட்டிலும் வந்தவர்கள்தான் முடிவு சொல்வார்கள், பெண் காத்திருப்பாள். அப்படி இரண்டு தடவை நான் காத்திருந்திருக்கிறேன். கரண்டியை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக இலை நிறையச் சோறு போட்டேன். அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

வேலாயுதம் பக்கத்தில் இருந்த புல்லைப் பிடுங்கினார்.

"எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது," என்றார். "அரிசி எத்தன தடவ கழுவணும்னுகூடத் தெரியாது. நீங்க ஸ்கூலுக்குப் போங்க. நான் கத்துக்கறேன்."

இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைக் காக்க வைத்தார்கள். நான் ஒருவரைக் கொஞ்சம் காக்க வைத்தால் குடி முழுகிவிடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓர் இலையை எடுத்தேன். தண்ணீர் தெளித்து, மெதுவாகத் துடைத்து, அவர் முன்னால் போட்டேன்.